வேளாங்கண்ணிக்கு ராத்திரியில் நடக்கும் பையன்கள்: ஒரு சின்ன வரலாறு

ஆகஸ்ட் பாதி தாண்டிவிட்டால் எங்கள் பொம்மையார்பாளையத்தில் ராத்திரித் தூக்கம் கொஞ்சம் கஷ்டம்தான். பத்து மணிக்கு மேல் ஈ.சி.ஆரில் வடக்கேயிருந்து முதலில் ஒரு பாட்டுச் சத்தம் வரும். பின்னாடியே சீரியல் லைட் மினுக்கிக்கொண்டு ஒரு சின்னத் தேர். மூன்று சக்கர வண்டியில் பலகை அடித்து, நடுவில் ஆரோக்கிய மாதா சொரூபம், சுற்றிலும் பிளாஸ்டிக் பூ. அதை இழுத்துக்கொண்டும் தள்ளிக்கொண்டும் இருபது, முப்பது பையன்கள். காவி வேட்டி, காவி பனியன், கழுத்தில் செபமாலை, காலில் செருப்பு கிடையாது. ஒருவன் "மரியே" என்று கத்துவான், மற்றவர்கள் "வாழ்க" என்பார்கள். அவர்கள் கடந்து போனால் அரை மணி நேரம் கடல் சத்தம் மட்டும். அப்புறம் அடுத்த தேர்.

சென்னையிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் இவர்கள். ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள் பெருவிழா. இந்த இரண்டு தேதிகளில் ஒன்றைக் குறிவைத்துக் கிளம்புவார்கள்.

எங்கள் கிளாஸில் ஒருத்தன் போன வருஷம் இப்படி நடந்தான் என்று தெரிந்ததும், பசங்க கேட்ட முதல் கேள்வி: "என்ன மச்சி, பத்து நாள் ஜாலி ட்ரிப்பா?" அவன் சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டான். எனக்குத்தான் அந்தக் கேள்வி மண்டையில் உட்கார்ந்துகொண்டது. இது பக்தியா, ஊர் சுற்றலா? ராத்திரியில், வெட்டவெளியில், வயசுப் பையன்கள் கூட்டமாக நடந்தால் விசுவாசம் வளரும் என்று முதலில் யாருக்குத் தோன்றியது? (பி.காம் படிக்கிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்காதீர்கள். காஸ்ட் அக்கவுண்டிங்கை விட இது சுவாரசியமாக இருக்கிறது, அவ்வளவுதான்.)

முதலில் கணக்கு. சென்னையிலிருந்து வேளாங்கண்ணி 300 கிலோமீட்டருக்கு மேல். ஒரு நாளைக்கு 30 கிலோமீட்டர் நடந்தால் பத்து, பதினோரு நாள் ஆகும். பகலில் நடக்க முடியாது. ஆகஸ்ட் மாத தாரில் வெறும் காலை வைத்துப் பாருங்கள், தெரியும். சாயங்காலம் ஆறு மணிக்குக் கூட ரோடு சுடும். ஆகவே பொழுது சாய்ந்ததும் கிளம்பி நடுராத்திரி தாண்டி நடப்பார்கள், கொஞ்சம் கண் அசருவார்கள், விடியற்காலை எழுந்து வெயில் ஏறும்வரை மறுபடி நடப்பார்கள். பகல் முழுக்க ஏதாவது கோயில் வளாகத்திலோ மரத்தடியிலோ தூக்கம், சமையல். அரிசி, பாத்திரம், ஸ்டவ், மாற்றுத் துணி எல்லாம் ஏற்றிக்கொண்டு ஒரு குட்டியானை முன்னாடியே போய்விடும். காலில் கொப்புளம் வந்தவனை ஏற்றிக்கொள்ளவும் அதே குட்டியானைதான். ஆனால் ஏறமாட்டார்கள். ஏறினால் பத்து வருஷத்துக்கு ஓட்டிக்கொண்டே இருப்பார்கள்.

ஆக, ராத்திரியைத் தேர்ந்தெடுத்தது சாமியார் யாரும் இல்லை, வெயில்தான். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் வேறு நாடுகளில் ராத்திரி நடையைத் திட்டம் போட்டு உண்டாக்கியிருக்கிறார்கள். அதைப் பின்னால் சொல்கிறேன்.

இந்தக் கரையோரம் நடந்து போவது மாதா வருவதற்கு ரொம்ப முன்னாடியே இருந்த விஷயம். பத்துப்பாட்டில் சிறுபாணாற்றுப்படை என்று ஒன்று இருக்கிறது அல்லவா? ஸ்கூலில் ஒரு மார்க் கேள்விக்காக மனப்பாடம் செய்திருப்பீர்கள். பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். அந்த இடைக்கழிநாடு எங்கேயோ இல்லை, மரக்காணத்துக்குக் கொஞ்சம் வடக்கே, இதே ஈ.சி.ஆரில் பஸ் போகும் வழியில்தான். பரிசு வாங்கி வருகிற பாணன் எதிரே வருகிற பாணனுக்கு வழி சொல்கிற பாட்டு அது. ஓய்மானாட்டு நல்லியக்கோடனிடம் போ, வழியில் எயிற்பட்டினம் வரும், அங்கே நெய்தல் நிலத்து ஆட்கள் உனக்குக் கள்ளும் சுட்ட மீனும் தருவார்கள் என்று சொல்கிறான். அந்த எயிற்பட்டினம் மரக்காணம் பக்கம்தான் என்று பல அறிஞர்கள் சொல்கிறார்கள். உப்பு ஏற்றிப்போகும் உமணர் வண்டிகளும் அதே பாட்டில் வருகின்றன. அவர்கள் வளர்க்கும் குரங்கு உமணர் பிள்ளைகளோடு கிளிஞ்சலில் முத்துப் போட்டுக் கிலுகிலுப்பை ஆட்டி விளையாடுகிறதாம். மரக்காணத்தில் இன்றைக்கும் உப்பளம்தான். குரங்கை மட்டும் காணவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நடந்து போகிறவனுக்குச் சோறு போடுவது இந்தக் கரையில் புதுசாக வந்த புண்ணியம் இல்லை. இப்போது கள்ளுக்குப் பதில் நீர்மோர், சுட்ட மீனுக்குப் பதில் தக்காளி சாதம். (விரத காலத்தில் கள் கூடாது. கூடாது என்று சொல்கிறார்கள், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்!)

அடுத்து நடந்தவர் பெரிய ஆள். புனித பிரான்சிஸ் சவேரியார். 1545ஆம் வருஷம் குருத்து ஞாயிறு சமயத்தில் அவர் நாகப்பட்டினத்தில் இருந்தார். கப்பல் ஏறிப் பார்த்தார், எதிர்க்காற்றில் போக முடியவில்லை. திரும்பி வந்து, கரையோரமாகவே நடந்து மயிலாப்பூருக்கு வந்து சேர்ந்தார் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். நம் பையன்கள் மயிலாப்பூர்ப் பக்கமிருந்து நாகப்பட்டினம் பக்கம் போகிறார்கள், அவர் எதிர்த்திசையில் வந்திருக்கிறார். ஊர் ஊராக எங்கே தங்கினார், எங்கள் ஊர் மணலில் கால் வைத்தாரா என்பதற்கெல்லாம் ஆதாரம் எதுவும் நான் பார்க்கவில்லை. ஆனால் நாகப்பட்டினத்துக்கும் மயிலாப்பூருக்கும் நடுவில் கடலோரமாக நடப்பவன் இந்தப் பக்கத்தை விட்டு எங்கே போவான்?

மயிலாப்பூரில் நான்கு மாதம் போல இருந்தார். தோமையார் கல்லறைக் கோயிலுக்குப் பக்கத்தில் பங்குத்தந்தை வீட்டில் தங்கல். ராத்திரியில் எல்லாரும் தூங்கிய பிறகு எழுந்து தோட்டத்து வழியாகக் கோயிலுக்குப் போய்த் தனியாகச் செபம் செய்வாராம். அந்தத் தோட்டத்தில் பேய் இருக்கிறது, போகாதீர்கள் என்று பங்குத்தந்தை சொல்லியிருக்கிறார். இவர் சிரித்துவிட்டார். ஒருநாள் ராத்திரி அங்கே அடி விழுகிற சத்தமும், மாதாவைக் கூப்பிட்டு உதவி கேட்கிற குரலும் கேட்டதாம். இரண்டு நாள் படுத்த படுக்கை. அப்புறம் பங்குத்தந்தை அதே வார்த்தைகளைத் திரும்பச் சொல்லிச் சவேரியாரைக் கேலி செய்தாராம். இது அந்தப் பங்குத்தந்தையே பின்னாளில் சொன்ன கதை. பேயை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். எனக்குப் பிடித்தது அந்தக் கேலி. ஒரு புனிதரை வீட்டுக்காரர் கலாய்த்திருக்கிறார்!

சவேரியாருக்கு இந்த ராத்திரிப் பழக்கம் எங்கிருந்து வந்தது? பாரிஸ் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது அவருக்கு ஒரு ரூம்மேட் இருந்தார். பெயர் இஞ்ஞாசியார், இயேசு சபையைத் தொடங்கியவர். அவர் முதலில் போர்வீரர். 1522 மார்ச் 24 ராத்திரி ஸ்பெயினில் மொன்செராட் மலைக் கோயிலில் தன் நல்ல உடையைக் கழற்றிப் பிச்சைக்காரனுக்குக் கொடுத்துவிட்டு, வாளையும் குறுவாளையும் மாதா பீடத்தில் வைத்துவிட்டு, விடிய விடிய அங்கேயே நின்றும் முழங்காலிட்டும் இருந்தார். அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் ஒருவன் வீரனாகப் பட்டம் வாங்குவதற்கு முந்தின ராத்திரி கோயிலில் கண்விழிக்க வேண்டும். அந்தப் படைவீரர் வழக்கத்தைத்தான் அவர் சாமி பக்கம் திருப்பினார்.

இனி வேளாங்கண்ணிக்கு வருவோம். அங்கே வழங்கும் கதைகள் மூன்று. பால் கொண்டுபோன இடைப்பையன் குளத்தங்கரை ஆலமரத்தடியில் மாதாவைப் பார்த்தது ஒன்று. மோர் விற்ற கால் ஊனமான பையன் கதை இரண்டாவது. புயலில் சிக்கிய போர்ச்சுகீசிய மாலுமிகள் செப்டம்பர் 8ஆம் தேதி கரை சேர்ந்தது மூன்றாவது. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் நடந்ததாக வழிவழியாகச் சொல்லப்படுகிறது. 1771இல் தனிப் பங்கு ஆனது, 1962இல் போப் 23ஆம் யோவான் பசிலிக்கா அந்தஸ்து கொடுத்தார். இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். நான் கவனித்தது வேறு. அந்த மோர்க்காரப் பையனிடம் மாதா என்ன சொன்னார்? நாகப்பட்டினம் போய் அங்கே ஒரு கத்தோலிக்கரிடம் தகவல் சொல் என்றார். அவனால் நடக்க முடியாது. எழுந்து பார்த்தால் கால் சரியாகிவிட்டது, ஓடினான். வேளாங்கண்ணியிலிருந்து நாகப்பட்டினம் சுமார் 12 கிலோமீட்டர். அதாவது இந்தக் கோயில் உண்டானதே ஒரு பையன் காலால். அங்கே காலால் போவதுதான் முறை என்று ஜனங்களுக்கு யாரும் தனியாகப் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

சரி, காவி? இதுதான் என்னை ரொம்ப நேரம் லைப்ரரியில் உட்கார வைத்தது.

பழனிக்குத் தைப்பூசத்தில் நடப்பது, சபரிமலைக்கு மாலை போட்டு 41 நாள் விரதம் இருப்பது, இதெல்லாம் நமக்குத் தெரிந்த வடிவம். சபரிமலை மாலை தமிழ்நாட்டில் தெருத்தெருவாகப் பரவியது போன நூற்றாண்டின் பின்பாதியில். எம்.என். நம்பியார் குருசாமியாகப் போனதெல்லாம் அப்போதுதான். நிறம் உடுத்து, மாலை போட்டு, செருப்பைக் கழற்றி, கூட்டமாகக் கோஷம் போட்டுப் போவது என்கிற அந்த ஆண்பிள்ளை விரதத்தின் அச்சு அப்படியே வேளாங்கண்ணி நடையிலும் இருக்கிறது. சாமி பெயர் மட்டும் வேறு. யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்று சண்டை போடுவதில் எனக்கு ஆர்வம் இல்லை. பக்கத்து வீட்டில் நல்ல குழம்பு வைத்தால் நாமும் வைத்துப் பார்ப்பதில்லையா? நடக்கிறவர்களில் இந்துப் பையன்களும் நிறைய பேர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் திருச்சபை இதற்கு ஒரு காலத்தில் பெரிய கணக்கே கேட்டது. 1606இல் ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்து, காவி கட்டி, சைவம் சாப்பிட்டு, சந்நியாசி மாதிரி வாழ ஆரம்பித்தார். கிறிஸ்தவன் ஆவதற்கு ஒருவன் தமிழனாக இருப்பதை விட வேண்டியதில்லை என்பது அவர் கட்சி. கூட இருந்த பாதிரியார்களே புகார் எழுதினார்கள். கடைசியில் 1623இல் போப் 15ஆம் கிரகோரி, குடுமி, பூணூல், சந்தனம் போன்றவற்றை நிபந்தனைகளோடு வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுத்தார்.

அதோடு முடியவில்லை. 1703 நவம்பரில் ரோமிலிருந்து தூர்னோன் என்ற போப்பின் தூதர் கப்பலில் வந்து இறங்கினார். எங்கே? புதுச்சேரியில். எங்கள் ஊரிலிருந்து சைக்கிளை மிதித்தால் முக்கால் மணி நேரம். சீனாவுக்குப் போகிற வழியில் உடம்பு சரியில்லாமல் மாதக்கணக்கில் அங்கேயே தங்கினார். தங்கிய இடத்திலேயே விசாரணை நடத்தி, 1704 ஜூனில் ஓர் ஆணை போட்டார். திருநீறு கூடாது, தாலியில் பிள்ளையார் உருவம் கூடாது, கோயில் திருவிழாவில் கிறிஸ்தவ மேளக்காரர் வாசிக்கக் கூடாது என்று பட்டியல் நீளுகிறது. 'மலபார் சடங்குகள்' என்று பெயர் வைத்து இந்த வழக்கு நாற்பது வருஷம் இழுத்து, 1744இல் போப் 14ஆம் பெனடிக்ட் ஆணையில் முடிந்தது. அதற்குக் கட்டுப்படுவதாக இங்கே வேலை செய்யும் குருக்கள் சத்தியம் செய்ய வேண்டும். அந்தச் சத்தியத்தை 1940இல்தான் எடுத்தார்கள்!

நியாயமாகச் சொன்னால் தூர்னோன் ஆணையில் ஒரு நல்ல காரியமும் இருந்தது. நோயில் படுத்திருக்கும் பறையர் வீட்டுக்குள் குருக்கள் போய் அருட்சாதனம் கொடுக்க வேண்டும், தயங்கக் கூடாது என்றது. நம் பழக்க வழக்கத்தோடு ஒத்துப்போன சாமியார்கள் ஜாதியோடும் ஒத்துப்போய்விட்டார்கள் என்பதுதான் கசப்பான உண்மை. வெளியிலிருந்து வந்து நம்மைத் திட்டியவர் அந்த ஒரு இடத்தில் சரியாகத் திட்டியிருக்கிறார். இன்றைக்கும் இந்த நடைக்குழுக்கள் பெரும்பாலும் தெரு வாரியாகத்தான் கிளம்புகின்றன. நம் ஊர்களில் தெருவும் ஜாதியும் எவ்வளவு ஒட்டியவை என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் பத்து நாள் ரோட்டில் ஒரு குழுவின் தேர் அச்சு முறிந்தால் பின்னால் வரும் குழுதான் வந்து தூக்குகிறது. அப்போது எந்தத் தெரு என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

புதுச்சேரியில் 1704இல் போட்ட ஆணை ஒருபுறம். அதே புதுச்சேரி வழியாக வருஷா வருஷம் காவி கட்டிய கத்தோலிக்கப் பையன்கள், பங்குத்தந்தை கையால் மாலை போட்டுக்கொண்டு நடக்கிறார்கள். நடுவில் 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம் அந்தந்த நாட்டுப் பண்பாட்டுக்கு இடம் கொடுக்கச் சொன்னது. ஆனால் பையன்கள் சங்கத்தின் ஏடுகளைப் படித்துவிட்டுக் காவி கட்டவில்லை. தெருவில் பார்த்ததைச் செய்தார்கள், சபை பின்னால் வந்து ஆசீர்வதித்தது.

மேல்நாட்டில் இது வேறு மாதிரி வளர்ந்தது. 1844இல் லண்டனில் ஜார்ஜ் வில்லியம்ஸ் என்ற ஜவுளிக்கடைப் பையன், கூட வேலை செய்த பதினோரு பேரோடு சேர்ந்து ஒய்.எம்.சி.ஏ.வைத் தொடங்கினார். (நம் காமர்ஸ் வகையறா!) கடையிலேயே வேலை, கடையிலேயே தூக்கம் என்று நகரத்தில் சீரழியும் வாலிபர்களுக்குச் செபக்கூட்டமும் வேத வாசிப்பும். விளையாட்டும் முகாமும் அப்புறம் சேர்ந்தன. சென்னைக்கு 1890இல் வந்தது. 1920இல் ஹாரி குரோ பக் சென்னையில் உடற்கல்விப் பள்ளியையே தொடங்கிவிட்டார். 1907இல் பேடன் பவல் இருபது சொச்சம் பையன்களைப் பிரவுன்சீ தீவில் கூடாரம் போட்டுத் தங்க வைத்ததிலிருந்து சாரணர் இயக்கம். அதில் வயதில் மூத்த ரோவர்களுக்கு, இஞ்ஞாசியார் செய்த மாதிரியே, உறுதிமொழிக்கு முன் தனியாக உட்கார்ந்து தன்னைச் சோதித்துப் பார்க்கும் கண்விழிப்பு ஒன்று உண்டு. உடம்பைக் கஷ்டப்படுத்தினால் மனசு நேராகும் என்று நம்பினார்கள்.

ரொம்பப் புதுசு போலந்தில் 2009இல் ஆரம்பித்தது. கிராகோவ் நகரத்திலிருந்து ஒரு பாதிரியார் தொடங்கி வைத்தார். தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி, 40 கிலோமீட்டர், காடு மேடு வழியாக, வாயே திறக்காமல் சிலுவைப்பாதை. பெயரே 'தீவிரச் சிலுவைப்பாதை' என்று வரும். சுகமாகிப்போன வாழ்க்கையிலிருந்து ஆட்களை வெளியே இழுக்கத்தான் குளிரும் இருட்டும். நம் பையன்களை அங்கே விட்டால் வாயை மூடிக்கொண்டு 40 கிலோமீட்டர் நடப்பார்களா என்று எனக்குச் சந்தேகம்தான். இங்கே ஸ்பீக்கர் இல்லாமல் தேர் நகராது. நம் ஊர் சி.எஸ்.ஐ. நண்பர்களுக்கு டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ் இருக்கிறது. விடிய விடிய வீடு வீடாகப் பாடிக்கொண்டு போவது. அங்கேயும் சத்தத்துக்குக் குறைவில்லை.

அங்கே கஷ்டத்தை ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கிறது. இங்கே யாரும் ஏற்பாடு செய்ய வேண்டியதில்லை. முன்பு வெயிலுக்குப் பயந்து ராத்திரியில் நடந்தார்கள், ராத்திரி அடைக்கலமாக இருந்தது. மீனவ ஊர்களை இணைத்த சின்னச் சின்ன ரோடுகளைச் சேர்த்துத்தான் ஈ.சி.ஆர். உருவானது. 2002இல் சுங்கம் வசூலிக்கும் சாலை ஆனது. அதிலிருந்து ராத்திரிதான் ஆபத்து. சனிக்கிழமை ராத்திரி புதுச்சேரியிலிருந்து சென்னை திரும்பும் கார்கள் எந்த வேகத்தில், எந்த நிலைமையில் வருகின்றன என்று எங்கள் ஊரில் சின்னக் குழந்தைக்குக் கூடத் தெரியும். நடந்து போனவர்கள் மேல் வண்டி ஏறிய செய்தியைத் திருவிழா நேரத்தில் பேப்பரில் பார்க்காத வருஷங்கள் குறைவு. சமீபத்தில் நான்கு வழிச் சாலையாக அகலப்படுத்த ஆரம்பித்தார்கள். அகலமானால் வேகமும் கூடும். பழனிக்கு நடப்பவர்களுக்குப் போலீஸ் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டுவதைப் பார்த்திருக்கிறேன். இங்கேயும் அதை ஒவ்வொரு குழுவுக்கும் கட்டாயம் ஆக்கினால் என்ன? காவி பகலில் பளிச்சென்று இருக்கும். இருட்டில், எதிரே ஹெட்லைட் கண்ணைக் கூசும்போது, அது வெறும் கறுப்புதான்.

2020, 2021 இரண்டு வருஷமும் கொரோனாவால் திருவிழா ஜனங்கள் இல்லாமல் நடந்தது. எங்கள் ரோடு அமைதியாக இருந்தது. நன்றாகத் தூங்கினோம். ஆனால் எங்கள் பாட்டி பத்து மணிக்கு மேல் இரண்டு மூன்று தடவை வாசலுக்குப் போய் வடக்கே பார்த்துவிட்டு வருவார். கடைசியில், "இந்த வருஷம் புள்ளைங்க வரலியே" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்வார். பாட்டிக்கு மயிலம் முருகன்தான் எல்லாம். மாசி மகத்துக்கு மயிலம் சாமி புதுச்சேரிக் கடலுக்கு வரும்போது எப்படிக் காத்திருப்பாரோ அப்படித்தான் இதற்கும் ஒரு குடம் தண்ணீரோடு காத்திருப்பார்.

ஆரம்பத்தில் சொன்ன நண்பனிடம் ஒருநாள் தனியாகக் கேட்டேன். ஜாலி ட்ரிப்தானா என்று இல்லை, ஏன் போனாய் என்று. சொன்னான். அப்பாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் மகனை நடக்க அனுப்புகிறேன் என்று அம்மா நேர்ந்துகொண்டாராம். ஆபரேஷன் ஆகி மூன்றாவது வாரம் அப்பா போய்விட்டார். நேர்ச்சை பலிக்கவில்லை, அதனால் நடக்க வேண்டியதில்லை என்று வீட்டில் எல்லாரும் சொல்லிவிட்டார்கள். இவன் கிளம்பினான்.

"எதுக்குடா?"

"கேக்கணும்னு போனேன். ஏன் இப்படிப் பண்ணினேன்னு நேர்ல நின்னு கேக்கணும்."

முதல் மூன்று நாள் கூட வந்தவர்களோடு பாட்டும் கிண்டலுமாகப் போயிருக்கிறது. அதை அவன் மறைக்கவில்லை, ஜாலிதான் என்றான். நான்காவது ராத்திரி மரக்காணம். ஸ்பீக்கர் பேட்டரி இறங்கிவிட்டது. இரண்டு பக்கமும் உப்பளம். தென்னங்கீற்று போட்டு மூடிய உப்பு அம்பாரங்கள் இருட்டில் வரிசையாக ஆள் குந்தியிருக்கிற மாதிரி இருந்ததாம். மூடாதவை வெள்ளையாக. வீடு இல்லை, விளக்கு இல்லை, காற்று மட்டும் உப்போடு வந்து கொப்புளத்தில் எரிகிறது. யாரும் எதுவும் பேசவில்லை. அப்போது பின்னாலிருந்து ஒரு பையன், குழுவிலேயே ரொம்ப வாலு அவன், மெதுவாகச் செபமாலை சொல்ல ஆரம்பித்தானாம். பாட்டாக இல்லை, வெறுமனே. மற்றவர்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள். ஐம்பத்து மூன்று மணியும் முடிந்தபோது உப்பளம் முடிந்திருந்தது.

"எனக்கு அப்பதான் அழுகை வந்துச்சு. ஆஸ்பத்திரியில வரல. எடுத்துட்டுப் போகும்போது வரல. இருட்டுல யாருக்கும் தெரியாதுல்ல, நல்லா அழுதுட்டே நடந்தேன். பக்கத்துல நடந்தவன் தெரிஞ்சும் தெரியாத மாதிரி என் பையை வாங்கி மாட்டிக்கிட்டான்."

"அப்புறம்? போய்க் கேட்டியா?"

"எங்கடா... கடைசி நாள் கால் வலி. உள்ள போய் விழுந்து எந்திரிச்சேன், வெளிய வந்து படுத்துட்டேன். கேக்கவே மறந்துட்டேன். பஸ்ல திரும்பி வரும்போதுதான் ஞாபகம் வந்துச்சு."

அதனால் இந்த வருஷமும் போகிறானாம். போன வாரம் போன் செய்து, புதுச்சேரியில் ஒளிரும் ஸ்டிக்கர் ரோல் கிடைக்குமா, முப்பது பேருக்கு முதுகிலும் தேரின் பின்பக்கமும் ஒட்ட எவ்வளவு வேண்டும் என்று கேட்டான். மீட்டர் கணக்குப் போட்டு நேற்று வாங்கி வைத்திருக்கிறேன். சிவப்பும் வெள்ளையும்.